பொங்கல் சீருக்குப் போன மலைச் சைக்கிள்

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்து போன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. தை பிறக்கும்போதெல்லாம் இந்த வருஷமாவது எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பேனாவைத் திறந்ததும் பரளச்சி ராஜம்மாவின் முகம் வந்து நிற்கும். மூடி வைத்துவிடுவேன். அவர் மனம் நோகும்படி ஒரு வரி என் கையால் வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். போன பிரதோஷத்தன்று திருச்சுழிக் கோயிலில் அவரே என்னை வழிமறித்தார்.

"என்ன அண்ணாச்சி, அந்தச் சீர் கதைய நானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நீங்க என்னமோ பொத்திப் பொத்தி வச்சிருக்கீகளாமே" என்றார்.

திருமேனிநாதர் சந்நிதியில் வந்த உத்தரவு. இனியும் தள்ளிப்போட முடியாது.

சைக்கிள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். அருப்புக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்தேன். இப்போது கடை மகன் கையில் இருக்கிறது. காலையில் சாமி படத்துக்குப் பூ வைப்பதும், சாயங்காலம் கடைப்பக்கம் போய் மகனிடம் திட்டு வாங்குவதுமாகப் பொழுது போகிறது. பிரேக்குக்கு எண்ணெய் ஏற்றுவதையும் கியர் வைப்பதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனைத் தடவினால் வீடியோ வருகிறது. விலை கூடிய மலைச் சைக்கிள் வாங்க வருகிறவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, கார்பனா அலுமினியமா என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நான் ஒரு தடவை பதில் சொன்ன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு மார்கழியில் எம்.ரெட்டியபட்டி அழகர்சாமி கடைக்கு வந்தார். பருத்தியும் குதிரைவாலியும் போடுகிற சம்சாரி. வாங்கிக் கொடுத்த டீயைத் தொடாமல் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக ஸ்பிரிங்கு வேலை செய்கிற மலைச் சைக்கிள். கல்லிலும் பள்ளத்திலும் விட்டு ஓட்டுவதற்கென்றே செய்தது. நம் தொழிலில் ஃபுல் சஸ்பென்ஷன் என்போம்.

"தலைப்பொங்கலுக்கு என்ன வேணும்னு நானா நச்சரிச்சுக் கேட்டேன் அண்ணாச்சி. மாப்ள இதக் காட்டுறாரு. மோட்டார் சைக்கிள் வாங்கித் தாரேன்னா வேணாங்கிறாரு. மிதிக்கிற சைக்கிளச் சீராக் கொண்டு போயி எறக்குனா பாக்கிறவுக என்ன நெனைப்பாக?"

"வெலையச் சொன்னா ஒண்ணும் நெனைக்க மாட்டாக" என்றேன். "அது கெடக்கட்டும். இது ரெண்டு வகையில வருது. ஒண்ணு அலுமினியம்."

டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "அலுமினியமா? பஞ்சத்துல கஞ்சித் தொட்டிக்குத் தூக்கிட்டுப் போற தட்டு அதுலதான் செய்வாக. அதச் சீர்வரிசையில வைக்கச் சொல்றீகளா?"

"சரி. இன்னொண்ணு கார்பன்."

"அது என்னது?"

"கரி நாரப் பாய் மாதிரி நெய்து, பசை போட்டு இறுக்கி, குழாயாச் செய்றது."

அழகர்சாமி விரலை மடக்கி எண்ணினார். "ஒண்ணு கஞ்சித்தட்டு. ஒண்ணு அடுப்புக்கரி. ஏன் அண்ணாச்சி, வெண்கலத்துல வராதா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வராது என்றேன். அடுத்து அவர் கேட்ட கேள்வியை என் தொழிலில் அதற்கு முன்னும் யாரும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ரெண்டுல எது கனம்?"

"அலுமினியம் கொஞ்சம் கனம்."

"அப்ப அதையே போடுங்க."

விலை கூடிய சைக்கிள் வாங்க வருகிற அத்தனை பேரும் எது லேசு என்று கேட்பார்கள். இவர் கனத்தைக் கேட்கிறாரே என்று மெதுவாக வாயைக் கிண்டினேன். விஷயம் வெளியே வந்தது.

அவர் மகள் செல்வியைப் பரளச்சியில் கட்டிக் கொடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பிரபு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். தங்கமான பிள்ளை. அவருடைய அம்மாதான் ராஜம்மா. எந்த வீட்டில் சீர் இறங்கினாலும் பாத்திரத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, தரம் சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பார். கல்யாணத்துக்கு வைத்த பித்தளைக் குடத்தையும் தூக்கியிருக்கிறார். கடைக்காரர் யாரோ மெல்லிய தகட்டில் அடித்த குடத்தை அழகர்சாமி தலையில் கட்டியிருந்தார்.

"எம்புள்ள தண்ணிக்குப் போறப்பல்லாம், கெட்டியாப் பிடிச்சுக்க ஆத்தா, காத்தடிச்சா குடம் பறந்துரும்னு சொல்றாகளாம். நாலு பேரு நிக்கையில. அத எங்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு அண்ணாச்சி. அது சிரிச்சுச் சொன்னதுதான் எனக்குத் தாங்கல. இந்தச் சீரும் லேசா இருந்துச்சுன்னா எம்புள்ள அந்த வீட்டுல காலத்துக்கும் இதக் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கணும்."

அப்புறம்தான் டீயைக் குடித்தார். ஆறிப் போயிருந்தது.

மறுநாளே மாப்பிள்ளை பிரபு போனில் வந்தார். "அண்ணாச்சி, மாமா அலுமினியம்னு சொல்லிருப்பாக. நீங்க கார்பன் போட்டுருங்க. எங்கூட ஓட்டுறவங்க எல்லாரும் கார்பன்தான் வச்சிருக்காங்க. கூட ஆகுற பணத்த நான் குடுத்துடுறேன். மாமாகிட்டச் சொல்லிறாதீங்க."

மாமனார் கனத்தைக் கேட்கிறார், மருமகன் லேசைக் கேட்கிறார். நடுவில் நான். நீங்களாக இருந்தால் பணம் கூடுகிற பக்கம் சாய்ந்திருப்பீர்கள். எனக்கும் சபலம் வராமல் இல்லை. ஆனாலும் உயரம் அளக்க வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டுப் பரளச்சிக்கு பஸ் ஏறினேன். உயரத்தைப் போனிலேயே கேட்டிருக்கலாம். சைக்கிள் எந்த வீட்டில் வாழப் போகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருந்தது. நான் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். "அத்த, சைக்கிள எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு உர மூட்டைகளை அதன் நடுக்கம்பியில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். உள்ளே இருந்த ராஜம்மா "ம்" என்றார். ஆள் போய்விட்டார்.

"இந்தச் சைக்கிள் யாரோடது தம்பி?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"என்னுதுதான்."

"யாரு ஓட்டுறது?"

சிரித்துவிட்டார். "தெரு ஓட்டுது."

"புதுச் சைக்கிள எங்க வச்சுப் பூட்டுவீங்க?"

"பூட்டா? அம்மா திட்டுவாக. சொந்தக்காரவுக முன்னால பூட்டுப் போட்டா அசிங்கம்பாக."

எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். கண்மாய்க் கரை, குண்டாற்று ஓரம், அப்புறம் கல் உருண்டு கிடக்கிற ஓடை என்றார். அந்த ஓடையை எனக்குத் தெரியும். முன்சக்கரம் எத்திவிடுகிற கல் நேராகக் கீழ்க்குழாயில்தான் வந்து அடிக்கும்.

கார்பன் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதி வையுங்கள். நல்ல கார்பன் சட்டம், அதாவது ஃபிரேம், எத்தனையோ அடியைத் தாங்கும், ஓட்டவும் சுகமாக இருக்கும். ஒருவரே ஓட்டி, வீட்டுக்குள் வைத்து, திருகாணியை அளவோடு முடுக்குகிற ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். ஆனால் குழாயை நெருக்கிக் கயிறு கட்டினாலும், கவ்வி போட்டு முறுக்கினாலும் அதற்கு ஆகாது. அடி பட்டால் மேலே ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே நார் விட்டிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் நம் பக்கத்தில் அப்போது யாரும் இல்லை.

"தம்பி, ஓட்டுறது நீங்க மட்டும்னா கார்பன். தெரு ஓட்டும்னா அலுமினியம். மிச்சமாகுற காசுக்கு நல்ல ஸ்பிரிங்கும் நல்ல பிரேக்கும் வாங்கிக்குவோம்" என்றேன்.

பிரபு வாசலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலி சைக்கிளைக் கொண்டு வந்து, சாய்க்கப் பொறுமையில்லாமல் மரத்தில் மோதும்படி வீசிவிட்டுப் போனார். "அலுமினியமே போடுங்க அண்ணாச்சி" என்றார் பிரபு.

ஆக அலுமினியம் என்று முடிவானது. கனத்துக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுத்ததாக அழகர்சாமி நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. ஆகாய விமானம்கூட இந்த வகை உலோகத்தில்தான் செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். கஞ்சித்தட்டை மறந்துவிட்டு, ஊரெல்லாம் "ஏரோப்ளேன் தகடு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சைக்கிள் வந்து இறங்கிய அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"அண்ணாச்சி, எங்க ஊர் பால்காரரு சைக்கிள் இதவிடக் கனமா இருக்கும்."

"அது இரும்பு. கேரியரு, ஸ்டாண்டு எல்லாம் சேந்தது."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "குழாயெல்லாம் உள்ள கூடுதானே. கொஞ்சம் ஆத்து மணலு…"

"ஓட்டப் போறது ஒங்க மாப்ள" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்றார். சீர் கொண்டு போகிற நாளுக்கு முன்பே நல்ல நாள் பார்த்துச் சைக்கிளைத் தம் வீட்டுக்கு ஏற்றிப் போய்விட்டார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளரைக் கொஞ்சம் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை.

சீர் நாளன்று லோடு ஆட்டோவில் கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை எல்லாவற்றுக்கும் நடுவில் மாலை போட்டுக்கொண்டு அந்தச் சைக்கிள் பரளச்சியில் வந்து இறங்கியது. புதுச் சாமான், ஓட்டுமுன் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். ராஜம்மா வெண்கலப் பானையை ஒரு கையால் தூக்கினார். "ம், பரவாயில்ல" என்றார். அழகர்சாமிக்குப் பாதி உயிர் வந்தது.

அப்போதுதான் நான் சீட்டைப் பார்த்தேன். லேசாக ஒரு பக்கம் திரும்பியிருந்தது. என் கையால் நேராக வைத்து முடுக்கிய சீட்டு. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். குனிந்தேன். மிதிகட்டைக்குக் கீழே, வயர் போகிற ஓட்டையிலிருந்து, பொடிப்பொடியாக ஏதோ தரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் அது என்ன என்று யோசித்து முடிப்பதற்குள் கோழிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று வந்தது, பின்னாலேயே நாலைந்து வந்தன. ஏரோப்ளேன் தகட்டுக்கு அடியில் நின்று கொத்த ஆரம்பித்தன.

அழகர்சாமியைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்து உச்சியைப் பார்த்தார்.

ராஜம்மா சைக்கிள் பக்கம் வருகிறார். பிரபு ஓட்டிப் பார்க்கிற ஆசையில் மாலையைக் கழற்றுகிறார். திருகாணி முடுக்காத சீட்டில் அவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொன்னால் செல்வி கதி என்ன ஆகும் என்பதும் தெரியும். திருமேனிநாதரே என்று மனசுக்குள் ஒரு கூப்பாடு போட்டேன்.

"தம்பி, கைய எடுங்க. மொதல்ல சூடம் காட்டணும். அப்புறந்தான் ஏறணும்" என்றேன்.

சாமி பேரைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. சூடம் வருவதற்குள் சீட்டை முடுக்கிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் சூடம் எடுத்துவர உள்ளே போன ஆள், என் போதாத காலம், உடனே வந்துவிட்டார். தட்டை வாங்கி, சீட்டை மறைத்தபடி நின்று சூடம் ஏற்றினேன். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். கோழிகளுக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க, ராஜம்மா வளர்த்த கிடா அவிழ்த்துக்கொண்டு வந்தது. கோழிகளை முட்டியது. அவை பறந்துவிட்டன. அடுத்து சைக்கிளை முட்டியது.

சைக்கிள் சரிந்து, முற்றத்து ஆட்டுரல் விளிம்பில் கீழ்க்குழாய் பட விழுந்தது. சீட்டு கம்பியோடு உருவிக்கொண்டு தனியாக ஓடியது. சீட்டுக்கம்பி இருந்த ஓட்டை வழியே குதிரைவாலி கொட்டிக் குவிந்தது. அந்த வருஷம் அறுத்த புதுத் தானியம். அழகர்சாமி புனல் வைத்துத் தட்டித் தட்டி நிரப்பியிருக்கிறார், பாவம். அத்தனையும் சேர்த்தால் ஒரு செம்பு கனம்கூட வராது.

கும்பிட்ட கை கும்பிட்டபடியே எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கிடா மட்டும் தின்றுகொண்டிருந்தது.

கம்பெனியில் ஆட்டம் காணாமல் இருக்கப் போட்டு அனுப்புவார்கள் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கையில் சூடத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. சூடத்தைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செல்விதான் பேசினாள். கிடாவின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக.

"வெறும் பாத்திரமாச் சீர் குடுக்கக் கூடாதுல்ல அத்த. பானைக்குள்ள அரிசி போட்டுக் குடுத்த மாதிரி, இது உள்ள கூடா இருக்குற சாமான்னு எங்கப்பா தானியம் போட்டுக் குடுத்திருக்காரு. ஒங்க கிடாதான் அவசரப்பட்டுருச்சு."

நம் பக்கம் வெறும் குடத்தையோ பானையையோ யாரும் சீராகக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியோ மஞ்சளோ உள்ளே இருக்க வேண்டும். அந்த முறையில் ராஜம்மாவால் ஒரு சொல் குறை காண முடியாது. ஊருக்கே முறை சொல்கிறவர் அவர்.

ராஜம்மா குவியலைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி இன்னும் வேப்பமரத்து உச்சியில்தான் இருந்தார். அப்புறம் மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீளம்.

"தானியத்த மிதிக்கப் போறீக, தள்ளி நில்லுங்க" என்று எல்லாரையும் ஒதுக்கிவிட்டு, குனிந்து, முந்தானையில் அள்ளினார். "ஏத்தா செல்வி, சொளகு எடுத்தா, குத்திப் பொடச்சுருவோம். இன்னைக்கு இதுலதான் பொங்கல்."

அடுத்தது என் பாடு. கீழ்க்குழாயில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு நசுங்கல். சீர் வந்த அன்றே அடி பட்டுவிட்டதே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். எல்லார் கண்ணும் என் மேல்தான். நகத்தால் சுற்றிலும் தடவினேன். வண்ணம் வெடித்திருக்கிறதா, பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நசுங்கல் மழுங்கலாக இருந்தது, கூர்மை இல்லை. விரிசலும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே ஓட்டாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், யார் முகம் எப்படிப் போனாலும்.

சீட்டை மாட்டி, என் கையால் முடுக்கி, "ஓட்டுங்க தம்பி. ஒண்ணுமில்ல" என்றேன்.

பிரபு காதோரம் வந்தார். "கார்பனா இருந்தா?"

"மால போட்டபடி சுவத்துல சாத்தி வச்சுட்டு, பாக்கத் தெரிஞ்ச ஆளத் தேடிக்கிட்டு இருப்போம்."

தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். அதற்குள் இரண்டு பேர் "எங்கிட்டக் கொஞ்சம் குடுங்க மாப்ள" என்று வரிசையில் நின்றார்கள்.

குதிரைவாலிப் பொங்கலுக்கு நெய் விட்டுக்கொண்டே ராஜம்மா என் இலைக்கு முன்னால் நின்றார். மெல்லக் கேட்டார். "கனத்துக்குத்தானே போட்டாக?"

நான் இலையைப் பார்த்தேன். "பொங்கல் நல்லாருக்கும்மா" என்றேன்.

"நான் கேட்டதச் சொல்லிறாதீக" என்று இன்னொரு கரண்டி நெய் விட்டார். அந்த நெய்க்குத்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மாசியில் செல்வி அந்தச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். வழியெல்லாம் கருவேல முள். டயருக்குள் முள் ஓட்டையை அடைக்கிற பால் ஊற்றியிருந்ததால் தப்பித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சட்டம் எதுவானாலும் அந்தப் பாலை ஊற்றாமல் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பாதீர்கள்.

"அத்த இப்ப என்ன சொல்றாக?" என்று கேட்டேன்.

"காத்துல பறந்துரும்னு சொல்ல வாயெடுப்பாக அண்ணாச்சி. கிடா கத்தும். நிறுத்திக்கிருவாக" என்றாள். அன்று சிரித்தது வேறு சிரிப்பு. அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு இல்லை.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரளச்சி, பந்தல்குடிப் பக்கத்திலிருந்து சர்வீசுக்கு வருகிற சைக்கிளில் சீட்டுக்கம்பியை உருவினால் ஒரு பிடி குதிரைவாலி விழும். புதுச் சைக்கிள் வாங்குகிற வீட்டில் இப்போது அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. எலி வரும், துரு பிடிக்கும் என்று வாடிக்கையாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, துணியால் துடைத்து மாட்டுங்கள்.

இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சுவைக்காகக் கிடாவைக் காளை ஆக்க வேண்டாம். ஆட்டுரலில் சைக்கிளை இரண்டாக உடைக்கவும் வேண்டாம். ராஜம்மாவை வில்லியாக்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன். அவர் தூக்கிப் பார்த்ததைச் சொல்கிற அதே வாயால், குனிந்து முந்தானையில் அள்ளியதையும் சொல்லிவிடுங்கள்.